95 டெசிபலா, 105 டெசிபலா? வீட்டில் செய்யும் ஸ்பீக்கர் பெட்டிக்கு எது சரியான இலக்கு?

சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்ய இறங்குபவர்கள் பலகையின் தடிமனைப் பற்றி எவ்வளவோ யோசிக்கிறார்கள். எவ்வளவு சத்தம் வேண்டும் என்ற கேள்வியை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். வூஃபரின் (தாழ்ந்த பேஸ் ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கரின்) அளவும் பெட்டியின் கொள்ளளவும் அதை வைத்துத்தான் முடிவாகின்றன.

பரவலாகப் பேசப்படுபவை இரண்டு. ஒன்று, திரையரங்க அளவு: சராசரி 85 டெசிபல், உச்சம் 105. மற்றொன்று அதிலிருந்து 10 குறைத்து, சராசரி 75, உச்சம் 95. ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்காரும் என் அறைக்கு நான் இரண்டாவதையே எடுத்தேன். பெரும்பாலான வீடுகளுக்கும் அதையே சொல்வேன்.

வாட் கணக்கு தெரிந்ததுதான். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு சத்தம்; ஆம்ப்ளிஃபயருக்கோ பத்து மடங்கு சுமை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர்கள் இரண்டு இருந்தால், 3 மீட்டரில் 95 டெசிபலுக்குத் தலா 30 வாட் போதும். 105க்குத் தலா 300 வேண்டும். வாட்டையாவது காசு கொடுத்து வாங்கிவிடலாம்.

விஷயமே கூம்பின், அதாவது முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும் வூஃபர் பரப்பின், அசைவில்தான் இருக்கிறது. அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். மூடிய பெட்டியில் ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, நடுநிலையிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை அசையக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில், 80 ஹெர்ட்ஸில் அது சுமார் 101 டெசிபல் தரும். 40 ஹெர்ட்ஸில் 89தான். அதற்கு மேல் வாட்டை ஏற்றினால் சிதைவுதான் கூடும். 40 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டுச் சத்தத்தை மெல்லக் கூட்டிப் பாருங்கள்: அறையில் பெரிதாக எதுவும் கேட்பதற்கு முன்பே கூம்பின் ஓரம் மங்கலாகத் தெரியத் தொடங்கிவிடும்.

ஆகவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, 10 மில்லிமீட்டர் அசையும் 12 அங்குல சப்வூஃபரிடம் ஒப்படைக்கலாம். 3 மீட்டரில், 40 ஹெர்ட்ஸில் அது 97 டெசிபல் வரை தரும். 95 இலக்குக்கு ஒன்றே போதும். 105 என்றால் அதேபோல் மூன்று, பெட்டிக் கொள்ளளவும் மூன்று மடங்கு. சுவர்கள் சேர்த்துத் தரும் பேஸ் இந்தக் கணக்கில் இல்லை. அது அறைக்கு அறை மாறும்.

பெட்டியில் போர்ட் (காற்று போய்வரும் திறந்த குழாய்) வைத்தால் அது இசைந்திருக்கும் அதிர்வெண்ணில் கூம்புக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் 105ஐத் துரத்தும்போது காற்று இரையாமலிருக்கக் குழாயை அகலமாக்க வேண்டும், அகலமாக்கினால் நீளமாக்கவும் வேண்டும். கடைசியில் பெட்டிக்குள் குழாய்க்கே இடம் இருக்காது.

பெரிய கூடங்களுக்கு நான் பெட்டி செய்ததில்லை. அங்கே 105 நியாயமான இலக்காகவே இருக்கலாம்.

இப்போது கேட்கும் சத்தத்தை அளந்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஒலி அளக்கும் மீட்டரை 'ஏ' எடையில் (தாழ்ந்த ஒலிகளைக் காது கேட்பதுபோல் குறைத்துக் கணக்கிடும் அமைப்பில்) வைத்தால் 40 ஹெர்ட்ஸ் ஒலியை அது சுமார் 35 டெசிபல் குறைத்துக் காட்டும். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத 'சி' எடையில் வைத்து அளந்து, பாட்டின் திடீர் உச்சங்களுக்காகச் சராசரிக்கு மேல் 20 டெசிபல் சேர்த்துக்கொள்ளுங்கள்.