நைலான் டிரிம் கருவி செட்: 11 துண்டில் மூன்றுக்குத்தான் வேலை

கார் கதவின் உள்பக்கப் பேனலைக் கழற்றி ஸ்பீக்கர் மாற்றலாம் என்று இறங்கினாலே முதலில் கண்ணில் படுவது ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று ஏதாவது ஒரு நிறத்தில் வரும் இந்த பிளாஸ்டிக் நெம்புகோல் செட்தான். பெட்டியில் பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வடிவங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். நான் வாங்கியது 11 துண்டு செட். காரின் எல்லாக் கதவுகளிலும் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்: வாங்கலாம், ஆனால் பெரிய செட் வேண்டாம். அதில் உண்மையாக உழைப்பவை மூன்றுதான், மீதி பை நிரப்ப.

வீட்டில் தட்டை ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். பேனலின் ஓரத்துக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே எஃகு முனையை நுழைத்துத் திருப்பினால் மொத்த அழுத்தமும் ஒரு சின்னப் புள்ளியில் போய் இறங்கும். பேனல் ஓரத்தில் பள்ளம் விழும், தகட்டில் பெயின்ட் உரியும். கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிற இடம் அது. நைலான் முனை அகலமானது, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். தேய்மானம் பெரும்பாலும் கருவிக்குத்தான் போகும். என் செட்டில் அகலத் துண்டின் முனை இப்போதே பிசிறு பிசிறாக இருக்கிறது. அது குறை இல்லை, அதற்காகத்தான் வாங்கினோம். உப்புத்தாள் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும்.

அந்த அகலமான தட்டைத் துண்டுதான் முதல் உழைப்பாளி. பேனலின் கீழ் மூலையில் அதை நுழைத்து இடைவெளி உண்டாக்கிக்கொண்டால் அப்புறம் விரல்களே உள்ளே போய்விடும். இரண்டாவது, ஒரு விரல் அகலத்தில் இருக்கும் மெல்லிய துண்டு: பவர் விண்டோ சுவிட்ச் தட்டு, கைப்பிடிக்குள் ஸ்க்ரூவை மறைத்திருக்கும் மூடி, கண்ணாடிக்கு முன்னால் வரும் முக்கோண டிரிம் ஆகியவற்றுக்கு இதுதான் சரி. மூன்றாவது, முனையில் பிளவு உள்ள கவட்டைத் துண்டு, பேனலைத் தகட்டோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பின் கழுத்தைப் பிடித்து நெம்ப. கொக்கி போல வளைந்தது, உளி போல நீண்டது எல்லாம் இன்னும் பையை விட்டு வெளியே வரவில்லை. டாஷ்போர்டு கழற்றுகிறவர்களுக்கு உதவுமோ என்னவோ, கதவுக்கு வேண்டியதில்லை.

கவட்டைத் துண்டில்தான் எனக்கு உண்மையான புகார். நைலானில் செய்தால் தடிமன் வேண்டியிருக்கிறது, தடிமன் இருந்தால் கிளிப் இருக்கும் குறுகலான இடத்துக்குள் போகாது, எப்படியோ போனாலும் இறுக்கமான கிளிப்பை இழுக்கும்போது பிளவு அகன்று நழுவிவிடுகிறது. தகட்டில் தங்கிப்போன கிளிப்பை எடுக்க உலோகக் கவட்டை தனியாக வைத்திருப்பது நல்லது, தகட்டில் படும் பக்கத்தில் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொண்டால் கீறல் விழாது. நான்கைந்து நைலான் துண்டுகளோடு ஓர் உலோகக் கவட்டையும் சேர்ந்து வரும் சின்ன செட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

இந்தக் கருவியால் ஆகாத விஷயமும் இருக்கிறது, பெட்டியில் அதை எழுதுவதில்லை. கிளிப்பை நெம்புவதற்கு முன் ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். கதவைச் சாத்த இழுக்கும் கைப்பிடியின் குழிக்குள், உள்பக்கக் கதவு திறப்பானுக்குப் பின்னால், ஆர்ம்ரெஸ்ட்டுக்கு அடியில், சில கார்களில் பேனலின் கீழ் ஓரத்திலோ பக்க ஓரத்திலோ என்று ஒளிந்திருக்கும். பெரும்பாலும் பிலிப்ஸ் தலை, சில கார்களில் ஸ்டார் பிட் அல்லது 10 மில்லிமீட்டர் போல்ட். பேனல் ஓரிடத்தில் மட்டும் அசையவே இல்லை என்றால் நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை எடுங்கள், அங்கே ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதோடு மல்லுக்கட்டினால் உடைவது கிளிப் இல்லை, பேனலின் பின்புறத்தில் கிளிப்பைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கூடு. கிளிப் போனால் வேறு கிளிப் வாங்கிவிடலாம். கூடு உடைந்தால் எபாக்ஸியோடு உட்கார வேண்டும், அப்படியும் பழைய பிடிப்பு வருமா என்பது சந்தேகம்தான். அதனால் நெம்பும்போது நைலான் முனை கிளிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் போகுமோ அவ்வளவு பக்கத்தில் போகட்டும், இரண்டு கிளிப்புக்கு நடுவே நெம்பினால் பேனல்தான் வளையும்.

ஓரத்துக் கிளிப்புகள் எல்லாம் விட்டதும் பேனலை நேராக உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். பல கார்களில் மேல் விளிம்பு கண்ணாடி ஓரத்தில் கொக்கி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும், மேலே தூக்கினால்தான் வரும். வந்த வேகத்தில் கையோடு தூக்கிக்கொண்டு நடக்கவும் கூடாது, பின்னால் சுவிட்ச் ஒயர்களும் கதவு திறப்பானின் கேபிளும் இன்னும் மாட்டியிருக்கும். பேனலை முட்டியில் தாங்கிக்கொண்டு கனெக்டரின் பூட்டை அழுத்தி ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், அந்தப் பூட்டை அழுத்த மெல்லிய நைலான் துண்டு அருமையாக உதவுகிறது. கையால் சுற்றி இறக்கும் பழைய கண்ணாடி என்றால் அதன் பிடியின் பின்னால் லாட வடிவத்தில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும், அதற்கு இந்த செட்டில் எதுவும் இல்லை. ஒரு துணிக் கீற்றைப் பிடியின் பின்னால் விட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் கம்பி துள்ளி விழும், எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணர முன்கதவுக்குள்ளேயே காற்றழுத்த சென்சார் வைத்திருப்பார்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கதவுக்குள் அழுத்தம் ஏறுவதை வைத்துத்தான் அந்த சென்சார் வேலை செய்கிறது, அதனால் ஸ்பீக்கர் ஓட்டையைத் திறந்து போட்டபடி வண்டியை ஓட்டுவதும் புதிதாக ஓட்டை போடுவதும் கூடாது.

பேனலுக்குப் பின்னால் பியூட்டைல் பசையில் ஒட்டிய பாலித்தீன் ஷீட் ஒன்று வரும். இதைக் கிழித்து எறிந்துவிடும் மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன், கோபம் வரும். மழைநீர் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கி அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறுவது இயல்புதான், அது உள்ளே கேபினுக்கு வராமல் தடுப்பது இந்த ஷீட். அகலத் துண்டால் பசையை உரித்துப் பார்த்தேன், பசை நூல் நூலாக நீண்டு கருவியெல்லாம் கறுப்பாகிவிடுகிறது. பிளேடால் பசையை ஊடே அறுத்துக்கொண்டு போவதே மேல், திரும்ப அழுத்தினால் தானாக ஒட்டிக்கொள்ளும். கருவியில் ஒட்டியதைச் சுத்தம் செய்ய இன்னொரு பியூட்டைல் உருண்டையை வைத்து ஒற்றி எடுங்கள், சுரண்டினால் போகாது.

ஸ்பீக்கரைப் பொறுத்தவரை செட்டுக்கு வேலை இல்லை. ஸ்க்ரூ என்றால் ஸ்க்ரூ டிரைவர், ரிவெட் அடித்திருந்தால் டிரில். புது ஸ்பீக்கரை இறுக்குவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, அதன் காந்தம் கண்ணாடியில் இடிக்கிறதா என்று பாருங்கள், இடித்தால் அடியில் ஒரு வளையம் வைத்து உயர்த்த வேண்டியதுதான். ஸ்பீக்கரில் இரண்டு முனைகளில் அகலமானது பொதுவாகப் பாசிட்டிவ். ஒரு பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டால் இரண்டு ஸ்பீக்கரும் பாடினாலும் பேஸ் (கனமான தாழ்ந்த ஒலி) மெலிந்து காணாமல் போகும். விளிம்பைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டினால் பேனல் அதிர்வதும் குறையும்.

திரும்ப மாட்டும்போது கவட்டைக்கு மறுபடி வேலை வரும். தகட்டு ஓட்டையிலேயே தங்கிய கிளிப்புகளை எடுத்து, பேனலின் கூட்டில் சொருகிய பிறகுதான் அழுத்த வேண்டும். ஒயர்களை மாட்டிக் கண்ணாடி, பூட்டு எல்லாம் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மேல் விளிம்பை முதலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு கிளிப்புக்கும் நேராக உள்ளங்கையால் தட்டுங்கள். குளிரில் பழைய கிளிப்புகள் சட்டென்று ஒடியும். வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த நைலான் கருவி தொளதொளத்துப் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு மிதமான நேரம் பார்த்துக்கொண்டால் போதும்.

சில செட்டுகளில் உதிரிக் கிளிப் பாக்கெட் ஒன்றும் வைக்கிறார்கள், என்னுடையதிலும் இருந்தது. அதை நம்பி வேலையில் இறங்காதீர்கள். தலையின் விட்டம், கழுத்தின் நீளம், தகட்டு ஓட்டையின் அளவு மூன்றும் பொருந்தினால்தான் பிடிக்கும், பாக்கெட்டில் இருந்த ஒன்றுகூட என் கதவுக்கு ஒத்துவரவில்லை. காரின் பார்ட் எண்ணைச் சொல்லி, கழுத்தில் ஃபோம் அல்லது ரப்பர் வளையம் உள்ள அசல் கிளிப்புகள் சிலவற்றைக் கழற்றுவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.