ஆருவா, பியாக்கா, சோரோங்கா? பச்சை மர மலைப்பாம்பின் நிறமும் ஊர்ப்பெயரும்

பச்சை மர மலைப்பாம்பு வளர்ப்பவர்கள் அதைச் செல்லமாக ‘காண்ட்ரோ’ என்பார்கள். காண்ட்ரோபைத்தான் என்ற பழைய அறிவியல் பெயரின் மிச்சம் அது. அவர்கள் இருவர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது, “உங்களுடையது எந்த ஊர்?” என்பதைத்தான். ஆரு, பியாக், சோரோங், ஜயபுரா, மெராவ்கே என்று பதில் வரும். எல்லாம் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள பெருந்தீவான நியூ கினியாவின் இந்தோனேசியப் பகுதியிலும் அதை ஒட்டியும் உள்ள இடங்கள். விற்பனைப் பட்டியலிலும் இதே பெயர்கள்தான். வாங்க நினைப்பவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? அதைவிட முக்கியமாக, அந்தப் பெயரை எவ்வளவு தூரம் நம்புவது?

ஆருவிலிருந்து தொடங்குவோம். நியூ கினியாவுக்குத் தென்மேற்கே, அராஃபுரா கடலில் இருக்கும் தீவுக்கூட்டம் அது. அடர்ந்த பச்சை உடல், முதுகெலும்பை ஒட்டிச் சிதறிய வெள்ளைச் செதில்கள், சிலவற்றில் வயிற்றோரம் இளநீலம். குட்டிகள் மஞ்சளாகவே பிறக்கும். குணத்தில் சாது என்று பெயர் வாங்கியது. தென்கரையிலுள்ள மெராவ்கே பாம்பும் ஏறக்குறைய இதே சாயல்தான். ஆனால் அதன் முதுகில் வெள்ளைச் செதில்கள் சிதறாமல் ஒரு கோடாக ஓடும். ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் பாம்புக்கும் அந்த வெள்ளை வரிசை உண்டு. இந்த ஒற்றுமைக்குக் காரணம் இருக்கிறது. பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்தபோது ஆருவும் தென் நியூ கினியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன.

பியாக் வேறு கதை. வடக்கே, ஆழ்கடல் சூழ்ந்த தீவு. பாம்பு உருவத்தில் பெரிது, முகவாய் நீளம், கோபமும் அதிகம். கையை நீட்டினால் கடிக்கப் பாயும் என்று வளர்ப்பவர்கள் எச்சரிப்பது இதைப் பற்றித்தான். ஒரே ஈற்றில் மஞ்சள் குட்டியும் செங்கல் சிவப்புக் குட்டியும் பொரிந்து வரும். ஆருப் பாம்பு முதல் ஓராண்டு வாக்கிலேயே பச்சைக்கு மாறிவிடும். பியாக் பாம்போ ஆண்டுக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். முழுதாக வளர்ந்த பிறகும் மஞ்சள் திட்டுகள் பலவற்றில் தங்கிவிடும்.

சோரோங், மனோக்வாரி, ஜயபுரா மூன்றும் வடபுறப் பெருநிலத்து வகைகள். முதுகில் நீலக் கோடு, பக்கங்களில் நீலத் திட்டு. சோரோங்கில் நீலம் தூக்கல் என்பார்கள். இவற்றை வெறும் கண்ணால் பிரித்துச் சொல்பவரின் உறுதியை நான் அப்படியே ஏற்க மாட்டேன்.

ஏனென்றால் இந்தப் பாம்பில் நிறம் ஒரு பலவீனமான சாட்சி. 2003இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, நியூ கினியாவின் நடு மலைத்தொடருக்கு வடக்கே இருப்பவையும் தெற்கே இருப்பவையும் நெடுங்காலம் முன்பே பிரிந்த இரு வேறு கிளைகள் என்று காட்டியது. இன்று பலர் அவற்றைத் தனி இனங்களாகவே கொள்கிறார்கள்: தெற்கில் மொரேலியா விரிடிஸ், வடக்கில் மொரேலியா அசூரியா. விரிடிஸ் என்ற பெயரை 1872இல் விலங்கியலாளர் ஷ்லேகல் சூட்டியது ஆருப் பாம்புக்கு. இத்தனை தூரம் விலகிப்போன இரண்டும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால்தான் அத்தனை காலம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இனத்தையே காட்டிக்கொடுக்காத தோல், ஊரைக் காட்டிக்கொடுக்குமா? முதுகில் வெள்ளைச் செதில் தெரிந்ததும் ‘ஆருதான்’ என்று முடிவு கட்டுவது, வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவதற்குச் சமம். இதில் இன்னொரு விளைவும் உண்டு. ஆருவையும் பியாக்கையும் இணை சேர்ப்பவர் இரண்டு ஊர்களை மட்டும் கலக்கவில்லை, இரண்டு இனங்களையே கலக்கிறார்.

ஊர்ப்பெயர் வேண்டாம், நிறம் போதும் என்பவர்களுக்கு இருக்கும் மாற்று, தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வம்சங்கள். நீலம், அதிமஞ்சள், கறுப்புப் புள்ளி தெறித்தவை எனப் பல. இவற்றில் பெரும்பாலானவை பல ஊர் இரத்தம் கலந்தவை. அதை விற்பவர் வெளிப்படையாகச் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வாங்குபவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பாம்புத் தோலில் பச்சை நிறமி என்று தனியாக எதுவும் இல்லை. அடியிலுள்ள நுண்படிகங்கள் நீல ஒளியைத் திருப்பி அனுப்ப, மேலிருக்கும் மஞ்சள் நிறமி அதோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. மஞ்சள் குறைந்தால் நீலம். முட்டை சுமக்கும் பெண் பாம்புகள் சில அப்படித்தான் நீலமாகின்றன. பலவற்றில் பின்னர் பச்சை திரும்பிவிடும். நிரந்தர நீலமோ ஒற்றை மரபணுவில் அடங்கும் சங்கதி அல்ல. நீலப் பெற்றோரின் ஈற்றிலும் பெரும்பான்மைக் குட்டிகள் சாதாரணப் பச்சையாக முடியலாம். மஞ்சளாகச் சுருண்டிருக்கும் குட்டியைக் காட்டி ‘இது நீலமாகும்’ என்று யாராவது வாக்குக் கொடுத்தால், அந்த வாக்குக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம்.

இனி, எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம். இந்தோனேசியாவில் இந்தப் பாம்பைக் காட்டிலிருந்து பிடிப்பது சட்டவிரோதம். பண்ணையில் பிறந்தது என்ற சான்றோடுதான் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும். 2009 முதல் 2011 வரை லயன்ஸ், நாட்டுஷ் என்ற இரு ஆய்வாளர்கள் வணிகர்களிடையே சென்று கணக்கெடுத்தார்கள். ஏற்றுமதியான பச்சை மர மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடிக்கப்பட்டவை என்று கண்டார்கள். ஆண்டுக்கு 5,000க்கும் மேற்பட்டவை அப்படிப் பிடிபட்டன என்பது அவர்கள் மதிப்பீடு. பண்ணை என்பது பல நேரம் காட்டுப் பாம்புக்குப் புதுக் காகிதம் எழுதும் இடமாக இருந்தது. ‘சோரோங்’, ‘ஜயபுரா’, ‘மெராவ்கே’ எல்லாம் துறைமுக நகரங்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எங்கோ ஒரு கிராமத்தில் பிடித்து, கை மாறி கை மாறி வந்த பாம்புக்குக் கப்பலேறிய ஊரின் பெயர் ஒட்டிக்கொள்வது எளிது.

அதனால் என் வரிசை இது. முதலிடம், பெற்றோர் யாரென்று தெரிந்த, வளர்ப்பிலேயே பொரிந்த குட்டிக்கு. அது கலப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கடுத்து, தலைமுறைப் பதிவோடு வரும் ஊர் வகை. அதிலும் முதன்முறை வளர்ப்பவருக்கு ஆரு. ‘பண்ணை இறக்குமதி’ என்ற ஒற்றை வரியோடு வருவதை, எவ்வளவு அழகான நீலமாக இருந்தாலும், நான் தொட மாட்டேன். காட்டு ஒட்டுண்ணிகளும் பயணத்தில் வற்றிய உடலும் அதோடு சேர்ந்தே வரக்கூடும். விற்பவரிடம் கேட்க வேண்டியவை சாதாரணமானவை: பொரிந்த தேதி, தாய் முட்டைகளைச் சுற்றிப் படுத்திருக்கும் படம், உடன்பிறந்த குட்டிகளின் படம். முட்டை ஓடுகளையே சான்றாகக் கேட்கலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் ஏற்றுமதிக் கண்காணிப்புக்கே சொன்ன யோசனை. உண்மையாகப் பொரித்தவரிடம் இவற்றில் ஒன்றாவது இருக்கும்.

பியாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பாம்பாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் பல ஆண்டு பொறுமையும் கடியைத் தாங்கும் மனமும் உள்ளவருக்கு, இன்னும் மஞ்சள் முழுதாக விலகாத அந்த உடலில் ஒவ்வொரு சட்டை உரிப்பும் புதிதாக எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும்.