அப்பாவுக்கு வாங்கிய டயப்பர்கள்: கடலூரிலிருந்து ஒரு மதிப்புரை

பக்கவாதத்துக்குப் பிறகு என் தந்தைக்குச் சிறுநீரை அடக்கும் திறன் குறைந்ததிலிருந்து, மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டு மாதச் சாமான் பட்டியலில் பெரியவர்களுக்கான டயப்பரும் சேர்ந்துவிட்டது. ஃப்ரெண்ட்ஸ், லைஃப்ரீ உட்பட நான்கு நிறுவனங்களின் பொருள்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பின், எந்த நிறுவனம் என்பதைக் காட்டிலும் எந்த வகை, எந்த அளவு என்பதில்தான் கவனம் வேண்டும் என்று கருதுகிறேன்.

தொடக்கத்தில் நான் செய்த பிழை, பெரியதாக இருந்தால் நிறையத் தாங்கும் என்று நம்பி எக்ஸ்எல் வாங்கியது. தொடையருகே இடைவெளி விட்டதால் முதல் இரவிலேயே படுக்கை நனைந்தது. பிறகுதான் தையற்காரரின் நாடாவால் இடுப்பையும் புட்டத்தையும் அளந்து, எது அதிகமோ அதைப் பொட்டலத்தில் அச்சிட்ட அங்குலக் கணக்கோடு ஒப்பிட்டேன். எம் அளவே போதுமானதாக இருந்தது. வேட்டி கட்டும் மனிதருக்குக் கால்சட்டை அளவை ஊகித்து வாங்குவது எவ்வளவு அபத்தம் என்பது அப்போது உறைத்தது. ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல்லுக்கு நெருங்கி வருவதும் உண்டு என்பதால், நிறுவனம் மாறும்போதெல்லாம் அங்குலத்தைப் பார்க்க வேண்டும்.

எழுந்து நடக்கக்கூடியவருக்கு ஜட்டி போல ஏற்றிக்கொள்ளும் பேன்ட் வகையே ஏற்றது. கழற்றும்போது பக்கத் தையலைக் கிழித்துவிட்டால் கால் வழியே இழுக்க வேண்டியதில்லை. “என்னைக் கைக்குழந்தை ஆக்கிட்டியேப்பா” என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்ட தந்தை, இதைத் தாமே போட்டுக்கொள்ள முடிந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படுக்கையிலேயே இருப்பவருக்கு இது தொல்லை. அவர்களுக்கு இருபுறமும் ஒட்டும் வகைதான் வேண்டும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, டயப்பரைப் பாதி சுருட்டி அடியில் செருகி, மறுபக்கம் திருப்பி இழுத்துவிட வேண்டும். கீழ் ஒட்டிகளைச் சற்று மேல்நோக்கியும் மேல் ஒட்டிகளைச் சற்றுக் கீழ்நோக்கியும் ஒட்டினால் தொடையருகே நன்றாகப் பொருந்தும். தொடையோரச் சுருக்க மடிப்புகள் உள்ளே மடங்காமல் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், ஆண்களுக்குக் குறியைக் கீழ்நோக்கி அமைப்பதும் அவசியம். எங்கள் வீட்டில் வயிற்றுப் பக்கம் கசிந்ததற்கெல்லாம் பின்னதைக் கவனிக்காததே காரணம். சொட்டுச் சொட்டாகப் போகிறவர்களுக்கோ இவை இரண்டுமே மிகை. உள்ளாடையில் ஒட்டும் பேட் போதும்.

பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடும் மணிக்கணக்கை நான் இப்போது பொருட்படுத்துவதில்லை. உள்ளிருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் சிறுநீரை உறிஞ்சிக் கூழாகிப் பிடித்துவைத்துக்கொள்கின்றன என்பது உண்மையே. ஆனால் அந்த மணிக்கணக்கு, டயப்பர் எவ்வளவு தாங்கும் என்பதற்கானது. தோல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு அன்று. கடலோரப் புழுக்கத்தில், அதிலும் கத்திரி வெயிலில், அதே டயப்பரைப் பத்து மணி நேரம் விட்டுவைத்ததில் அரையிடுக்கு சிவந்து புண்ணாயிற்று. இப்போது பகலில் நான்கைந்து மணிக்கொரு முறை மாற்றுகிறோம். மலம் கழித்தால் உடனே. வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லியதாகப் பூசுகிறோம். பவுடர் கட்டிபட்டு மடிப்புகளில் உறுத்துவதால் அதை விட்டுவிட்டோம். பெண்களை முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். இல்லையேல் சிறுநீர்த் தொற்றுக்கு வழியாகும்.

டயப்பர் நனையுமே என்று தண்ணீரைக் குறைப்பது எங்கள் வீட்டிலும் நடந்தது. சிறுநீர் அடர்ந்து நெடி கூடி, எரிச்சலும் வந்ததுதான் மிச்சம். திடீரென்று கட்டுப்பாடு போனால், கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். தொற்று, புராஸ்டேட் வீக்கம், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்றவை காரணமாக இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

விலையைப் பொறுத்தவரை, பேன்ட் வகை சற்றுக் கூடுதல் என்பதால் பகலுக்கு அதையும் இரவுக்கு ஒட்டும் வகையையும் வைத்துக்கொண்டோம். மெத்தைக்கு ரப்பர் விரிப்பு, அதன் மேல் உறிஞ்சும் விரிப்பு, அதற்கு மேல் பழைய பருத்தி வேட்டி என்று போடுவதால், கசிந்தாலும் வேட்டியையும் விரிப்பையும் மாற்றினால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பர் மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பதால், பழைய விலை அச்சிட்ட பொட்டலம் கொடுத்தால் கேட்கத் தயங்க வேண்டாம். புதிய நிறுவனத்தை முயலும்போது சிறிய பொட்டலமே வாங்குங்கள். சலுகை விலைக்கு மயங்கி நான் வாங்கிய முப்பதில், ஒட்டி பிய்ந்துபோனவை போக மீதி இன்னும் பரணில் கிடக்கின்றன.

பயன்படுத்தியதைக் கழிவறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். மலத்தை மட்டும் கழிவறையில் தட்டிவிட்டு, டயப்பரை உள்நோக்கிச் சுருட்டி, அதன் ஒட்டிகளாலேயே இறுக்கி, செய்தித்தாளில் பொதிந்து, குப்பை வண்டியில் வருபவரிடம் இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுக்கிறோம். 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் இப்படிப் பொதிந்து தரச் சொன்னதோடு, அதற்கான உறையைத் தயாரிப்பாளரே பொட்டலத்துடன் தர வேண்டும் என்றும் கூறின. நான் வாங்கிய பொட்டலங்களில் அந்த உறை ஒன்றிலும் இருந்ததில்லை.