முக்கோணம்: வெட்டித் தைப்பதா, தைத்து வெட்டுவதா?

மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் மிஞ்சிய துண்டுகளை வைத்து ஒட்டுத்துணி விரிப்புத் தைக்கத் தொடங்கியபோது, முதலில் முக்கோணமாக வெட்டித்தான் தைத்தேன். இரண்டு முக்கோணம் சேர்ந்து, தைத்து முடிந்தபின் 3 அங்குலம் வரும் கட்டத்துக்கு 3 7/8 அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்ட வேண்டும். கணக்குச் சரி. ஆனால் அந்தச் சரிவு விளிம்பு கிராஸ், அதாவது நூலோட்டத்துக்குக் குறுக்கே சரிவாகப் போகும் வெட்டு. கை பட்டாலே இழுபடும். நெசவு தளர்வென்றால் இன்னும் மோசம். என் முதல் எட்டுக் கட்டங்களில் இரண்டுகூட ஒரே அளவில்லை.

இப்போது மற்ற வழிதான். 4 அங்குலச் சதுரம் இரண்டை நல்ல பக்கம் உள்ளே வரும்படி அடுக்கி, மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டுக்கு இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையல். பிறகு கோட்டிலேயே வெட்டினால் இரண்டு கட்டம். தையல் பிடித்திருப்பதால் கிராஸ் அசையாது. கட்டத்தை விரித்து, அயன் பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுத்து, தையலை ஸ்கேலின் 45 பாகைக் கோட்டில் வைத்து 3 1/2 அங்குலத்துக்குச் செதுக்குங்கள் (3 அங்குலத்தோடு, சுற்றிவரத் தையலுக்குக் கால் அங்குலம்). கொஞ்சம் துணி வீண்தான், பரவாயில்லை.

கையில் இருப்பதே முக்கோணக் கழிவு என்றால் பழைய வழிதான். வெட்டுமுன் கஞ்சி போட்டு அயன் பண்ணினால் இழுவை பாதி அடங்கும். மட்டக்களப்பு மாரியில் அந்தக் கஞ்சி எப்போது காயும் என்பது வேறு கதை.