ஒரே இரவில் ஏறும் இரண்டு கிலோ: கலோரிக் கணக்கோடு மூன்று ஆண்டுகள்

எனக்குத் தெரிந்து கலோரிக் கணக்கைப் பாதியில் விட்டவர்கள் யாரும் பசி தாங்காமல் விடவில்லை. ஒரு வாரம் கண்ணும் கருத்துமாக அளந்து சாப்பிட்டுவிட்டு, காலையில் எடைக் கருவியில் ஏறி நின்று, அது காட்டிய எண்ணைப் பார்த்து மனம் வெறுத்துத்தான் விட்டார்கள். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அவர்களுடைய சாப்பாட்டில் குறையில்லை, கணக்கிலும் பெரிய பிழையில்லை. அந்த எண் எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு மேலாக மூன்று பொருள்கள் என் வீட்டில் அன்றாடம் புழங்குகின்றன. 100 கிராம் இடைவெளியில் காட்டும் சாதாரண டிஜிட்டல் எடைக் கருவி, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, கைபேசியில் ஒரு கலோரிச் செயலி. 81 கிலோவில் தொடங்கி 68க்கு வந்தேன். இப்போது அதைச் சுற்றியேதான் நிற்கிறேன். மூன்றும் வாங்கத் தகுந்தவைதான். ஆனால் அவை தரும் எண்களைப் படிக்கத் தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை.

முதலில் ஒரு கணக்கு. உடலில் ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளில் கரைவது சுமார் 65 கிராம். எடைக் கருவியோ 100 கிராமுக்குக் குறைந்த மாற்றத்தைச் சரியாகக் காட்டாது. நேற்று கட்டுப்பாடாக இருந்ததன் பலன் இன்று காலை திரையில் தெளிவாகத் தெரிய வழியில்லை. ஆனால் அதே உடலில் நீரும் குடலில் இருக்கும் உணவும் சேர்ந்து ஒரே நாளில் ஒரு கிலோ, சில நாளில் இரண்டு கிலோ கூட ஏறி இறங்குகின்றன. தினமும் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டின் ஆட்டத்தைத்தான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் மறுவீட்டுச் சொதி விருந்து உண்டு. தேங்காய்ப்பாலில் கொதித்த காய்கறி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், கடைசியில் பாயசம். அப்படி ஒரு விருந்துக்கு மறுநாள் காலை என் எடை 1.9 கிலோ கூடியிருந்தது. இது முழுவதும் கொழுப்பு என்றால், அன்றாடத் தேவை போக 14,600 கலோரிக்கு மேல் நான் சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு தாராளமாகப் பரிமாறினாலும் ஓர் இலையில் அவ்வளவு அடங்காது. தேவைக்கு மேல் 1,200 கலோரி சாப்பிட்டதாக வைத்துக்கொண்டாலும் சேர்ந்திருக்கும் கொழுப்பு 150 கிராம் சொச்சம்தான். மீதியில் ஒரு பகுதி, இன்னும் குடலைவிட்டு வெளியேறாத விருந்தே. இன்னொரு பகுதி உப்பு பிடித்துவைத்த நீர். மற்றொரு பகுதி மாவுச்சத்தும் அதனோடு சேர்ந்த நீரும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய நாலைந்து நாளில் எடை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அந்த நாள்களில் நான் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. கிடக்கவும் கூடாது. எண்ணைப் பார்த்துப் பதறிப் பட்டினி கிடப்பதும், அந்தப் பசியில் மறுநாள் அள்ளிச் சாப்பிடுவதும்தான் ஒரு விருந்தை ஒரு மாதச் சறுக்கலாக மாற்றுகின்றன.

உப்பின் கணக்கை விளங்கிக்கொள்ள மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலைப் பார்த்தால் போதும். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. நம் இரத்தத்தின் உப்புச் செறிவுக்கு நெருக்கமாக வைத்த அளவு அது. உடல் இந்தச் செறிவை விட்டுக்கொடுக்காது. கூடுதலாக நாலரை கிராம் உப்பு உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை அரை லிட்டர் அளவுக்கு நீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், கடை பிரியாணி ஆகியவற்றில் இரண்டு ஒரே நாளில் சேர்ந்தால் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுவோம். கலோரி வரம்புக்குள்ளேயே சாப்பிட்டும் மறுநாள் எடை கூடியிருந்தால் நான் முதலில் பார்ப்பது உப்பைத்தான்.

அடுத்தது சோறு. “எனக்குச் சோறு சாப்பிட்டாலே எடை ஏறிவிடுகிறது” என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! சோற்றின் மீது சுமத்தப்படும் இந்தப் பழியை நான் ஏற்பதில்லை. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதி கிளைகோஜன் என்ற சேமிப்பாகக் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் தங்குகிறது. ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இருப்பு முழுவதும் காலியானால் இரண்டு கிலோ குறையும். நிரம்பினால் இரண்டு கிலோ கூடும். அரிசியையும் கோதுமையையும் அடியோடு நிறுத்துகிற உணவு முறைகளில் முதல் வாரம் மளமளவென்று குறைவதற்கும், திரும்பச் சோற்றில் கை வைத்ததும் ஏறுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

கந்த சஷ்டிக்கு என் மாமியார் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். ஒரு முறை விரதம் முடிந்த அன்று இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. சாப்பிடத் தொடங்கி மூன்று நாளில் அதில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. “குறைந்ததெல்லாம் ஏறிவிட்டதே அம்மா, உடம்பில் ஏதும் கோளாறா?” என்று கவலையோடு கேட்டார்கள். “இல்லை அத்தை, போன தண்ணீர்தான் வந்திருக்கிறது. நாளுக்கு ஆயிரம் கலோரி குறைந்திருந்தால் முக்கால் கிலோ கொழுப்பு நிஜமாகவே போயிருக்கும். அது உடனே திரும்பாது” என்றேன். அடுத்த வாரச் சராசரி, விரதத்துக்கு முந்தைய வாரத்தைவிட அரைக் கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தே இருந்தது.

பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி வரும் ஏற்றம் தனி. எனக்கு மாதவிலக்கு தொடங்குவதற்கு முந்தைய சில நாள்களில் ஒரு கிலோவுக்கு மேல் கூடி, தொடங்கிய இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கும். மூன்று வாரம் கஷ்டப்பட்டுக் குறைத்ததை இந்த நீர் முழுவதுமாக மறைத்துவிடும். அதனால் பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். ஆண்களுக்கென்று எழுதிய அறிவுரைகளில் இது இடம்பெறுவதே இல்லை. என்னிடம் கேட்கும் பெண்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

புதிதாக உடற்பயிற்சி தொடங்கும் வாரத்தில் தசை வலியோடு நீரும் கோக்கும். இரவு முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி சென்னையிலிருந்து வந்து இறங்கினால் கால் வீங்கி எடையும் கூடியிருக்கும். மலச்சிக்கலும் இந்தக் கணக்கில் சேரும். இவை எதுவும் கொழுப்பு அல்ல.

எதிர்த்திசையிலும் இப்படித்தான். படுக்கும்போது பார்த்த எடை விடிந்ததும் அரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருப்பது, மூச்சிலும் தோலிலும் சிறுநீரிலும் போன நீரால். இத்தாலியின் பதுவாவில் மருத்துவராக இருந்த சாந்தோரியோ, பெரிய தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து சுமார் 30 ஆண்டுகள் தன்னையும், தான் உண்டதையும், கழித்ததையும் நிறுத்துப் பார்த்தார். உள்ளே போனதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமலே வெளியேறுகிறது என்று கண்டு 1614இல் எழுதிவைத்தார். வயிற்றுப்போக்கிலோ வெயிலில் வியர்த்தோ இரண்டு கிலோ இறங்கியிருந்தால் மகிழ ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். இதயச் செயலிழப்புக்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது ஆபத்தின் அறிகுறி. நீர்தானே என்று விடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இனிக் கருவி. மெத்தென்ற விரிப்பின் மேல் வைத்தால் எண் மாறும். சமமான தரையில், நாளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஓடுகளின் இணைப்புக் கோட்டில் ஒரு கால் படிந்தாலும் வேறுபாடு வரும். சில கருவிகள், முந்தைய எடைக்கு மிக அருகில் இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும்படி செய்யப்பட்டிருக்கின்றன. துல்லியமாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் ஏமாற்று. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, பிறகு வெறுங்கையோடு ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நான் முதலில் வாங்கியது அந்த வகை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போதுள்ளதை அவ்வப்போது 26 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கி நின்று சோதிக்கிறேன். சிப்பத்தோடும் சிப்பம் இல்லாமலும் பார்த்த எடைகளின் வித்தியாசம் பையின் எடையும் சேர்த்து 26க்குச் சற்று மேல் வந்தால் சரி. கொழுப்பு சதவீதம் காட்டும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். உடலில் மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து அது சதவீதத்தை மதிப்பிடுகிறது. தண்ணீர் கூடிக் குறைந்தாலே அந்த எண்ணும் மாறும்.

சமையலறைத் தராசுதான் மூன்றிலும் எனக்கு மிகப் பிடித்தது. தோசைக்கு எவ்வளவு எண்ணெய் போனது என்று கண்ணால் சொல்ல முடியாது. சுடத் தொடங்கும் முன் நல்லெண்ணெய் பாட்டிலை நிறுத்துக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் மறுபடி நிறுத்தால் போனது தெரிந்துவிடும். ஆறு தோசைக்கு 42 கிராம் என்றால் தோசைக்கு 7 கிராம், அதாவது எண்ணெயிலிருந்து மட்டும் 63 கலோரி. சோற்றுக்கு, அரிசியாக இருக்கும்போதே நிறுத்துவிடுகிறேன். 100 கிராம் வேகாத அரிசிக்குச் சுமார் 350 கலோரி. வெந்தபின் எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் அந்த 350 மாறாது. செயலியில் ‘சாம்பார் ஒரு கிண்ணம்’ என்று யார் யாரோ பதிந்த எண்களை நான் நம்புவதில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. பருப்பு, காய், தேங்காய் என்று தனித்தனியாக அதிலிருந்து எடுத்து என் சமையலை நானே பதிந்துவைத்திருக்கிறேன்.

எடை பார்ப்பது தினமும் காலையில், மலசலம் கழித்தபின், தண்ணீர்கூடக் குடிக்கும் முன். அந்த எண்ணை எழுதிவைத்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுகிறேன். ஏழு நாள் சராசரியை மட்டுமே பார்க்கிறேன். ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர், பொறியாளருக்கே உரிய முறையில் நகரும் சராசரியை, அதாவது ஒவ்வொரு நாளும் புதிய எண்ணைச் சேர்த்துத் திரும்பப் போடும் சராசரியை, இதற்குப் பரிந்துரைத்தவர். லிப்ரா போன்ற செயலிகள் அந்தக் கோட்டைத் தாமாகவே வரைந்து தருகின்றன.

கலோரி, எடை ஆகிய இரண்டு பதிவுகளும் நான்கு வாரத்துக்குச் சேர்ந்துவிட்டால் ஒரு பெரிய நன்மை கிடைக்கிறது. சராசரியாக நாளுக்கு 1,600 கலோரி எழுதியிருக்கிறீர்கள், வாரச் சராசரி நான்கு வாரத்தில் 1.2 கிலோ குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.2ஐ 7,700ஆல் பெருக்கினால் 9,240. அதை 28ஆல் வகுத்தால் 330. ஆக, உங்கள் எடை அப்படியே நிற்கத் தேவையானது நாளுக்குச் சுமார் 1,930 கலோரி. வயது, உயரம் கேட்டு இணையத்தில் சொல்லும் எண் பொதுவான மதிப்பீடு. இதுவோ உங்கள் உடலே சொன்ன எண். நீங்கள் எழுதுவதில் வழக்கமாக ஒரே அளவு பிழை இருந்தாலும் இந்த எண் அதையும் உள்ளடக்கிக்கொள்ளும். தொடங்கிய முதல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அதில் போவது பெரும்பாலும் நீர்.

அலுவலகத் தங்கை ஒருத்தி போன மாதம், “அக்கா, வரம்புக்குள்தான் சாப்பிட்டேன், ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. நாளையிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடப் போகிறேன்” என்றாள். சராசரி எவ்வளவு என்று கேட்டேன். மூன்று வாரமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நான்கு வாரச் சராசரி அசையாமல் நின்றால் மட்டும் நாளுக்கு 100 அல்லது 150 கலோரி குறைத்தால் போதும், அதற்கு முன் எதையும் தொடாதே என்றேன். இரவுச் சாப்பாட்டை அவள் நிறுத்தவில்லை.

தினமும் எண் பார்ப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. எண் கூடினால் அன்று முழுவதும் மனம் சரியில்லாமல் போகிறவர்களும், சாப்பாட்டைப் பற்றிய பயமோ முன்பு உண்ணுதல் சார்ந்த மனநலக் கோளாறோ இருந்தவர்களும் இந்தக் கருவியை வாங்க வேண்டாம். தையல்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்று போதும். மாதம் ஒருமுறை, மூச்சை இயல்பாக விட்டபின் இடுப்பைச் சுற்றி அளந்தால் தெரிந்துவிடும். தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்கள் 80க்குள்ளும் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் அளவு.