பழைய டிவியை யாரிடம் கொடுப்பது? காயலான் கடையா, மறுசுழற்சிக் கூடமா?

பொங்கலுக்குப் பரணை ஒழித்ததில் ஒரு மிக்சி, ஒரு டப்பா டிவி, மூன்று செத்த போன்கள் கிடைத்தன. இவற்றைத் தள்ளிவிட மூன்று வழிகள்தான்: காயலான் கடை, கடையில் எக்ஸ்சேஞ்ச், பதிவு பெற்ற மறுசுழற்சிக் கூடம்.

வசதியில் காயலான் கடையை அடித்துக்கொள்ள ஆளில்லை. வண்டி வாசலுக்கே வரும், கையில் காசு விழும். எங்கள் தெருவுக்கு வருபவர் மிக்சியைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினார். மோட்டாருக்குள் இருந்த செம்புக் கம்பிச் சுருளைக் காட்டி, "இதுக்குத்தாம்மா காசு, மத்ததெல்லாம் வெத்து" என்றார். மிக்சிக்கு அது போதும். செம்பு, இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து போய்விடும். டிவி அப்படியல்ல, படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. போனுக்குள் இருக்கும் போர்டு கைமாறிக் கைமாறி எங்கே போகும் என்று கடைக்காரருக்கே தெரியாது. உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்தில் இப்படிப் போய்ச் சேர்ந்த போர்டுகளை எரித்த கருஞ்சாம்பல், ராம்கங்கா ஆற்றங்கரையில் குவிந்து கிடந்தது.

எக்ஸ்சேஞ்சைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுசு வாங்கினால்தான் பழசுக்கு மதிப்பு. அப்புறம் அது எங்கே போகிறது என்று கேட்டால் விற்பனைப் பையன் சிரிக்கிறான்.

மறுசுழற்சிக் கூடம்தான் சட்டம் காட்டும் வழி. ஆனால் சட்டமே மாறிக்கொண்டிருக்கிறது. 2016 மின்கழிவு விதிகள், பழைய பொருளைத் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய் என்று தயாரிப்பாளரைக் கேட்டன. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள 2022 விதிகள், மறுசுழற்சி செய்ததற்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்கின்றன. விதிகளுக்குள் வரும் பொருள்களின் பட்டியல் 21 வகையிலிருந்து 106 ஆனது. தயாரிப்பாளருக்கான மறுசுழற்சி இலக்கு 60 சதவீதத்தில் தொடங்கி 2027-28இல் 80ஐத் தொடும். நல்லதுதான். ஆனால் சான்றிதழை மறுசுழற்சியாளரிடம் காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம் என்பதால், என் தெருமுனையில் ஒரு பெட்டி வைக்கவேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. என் கணக்கில் பழைய விதி இந்த ஒரு இடத்தில் மேல்.

மாநகராட்சி வண்டியில் போட்டால் என்ன என்று அம்மா கேட்டார். அதற்குத் திடக்கழிவு விதிகள் என்று தனியாக உண்டு. 2016இல் மூன்றாக இருந்த வீட்டுக் குப்பைப் பிரிவினை, 2026 விதிகளில் நான்கு: ஈரம், உலர், நாப்கின்-டயப்பர் வகை, தனிக் கவனம் வேண்டியவை. பல்பு, பெயின்ட் டப்பா, மருந்தெல்லாம் நாலாவதில் சேரும். டிவியும் போனும் இந்த நான்கிலும் வராது. அவை மின்கழிவு.

சரி, நான் செய்தது இதுதான். மிக்சி வண்டிக்காரருக்குப் போனது. மற்றதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் தேடி ஒரு கூடத்தைப் பிடித்தேன். போன்களில் இருந்த படங்களை அழிக்க வழியில்லை, உயிரே இல்லையே. போர்டை அரைத்துத்தான் தள்ளுவோம் என்று அவர்கள் சொன்னதை நம்பினேன். டிவியை ஏற்றும்போது ஆட்டோக்காரர், "எவ்வளவுக்குப் போகும் மேடம்?" என்றார். உங்கள் வாடகையை நான்தான் தருகிறேன் அண்ணா, அங்கே ஒன்றும் கிடைக்காது என்றேன்.