முன்திரை: நடுவில் பிரிவதா, மேலே ஏறுவதா, சுருள்வதா?

மேடைக்கு முன்திரை வாங்கப் போகிறவர்கள் முதலில் பேசுவது துணியின் நிறத்தைப் பற்றித்தான். அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: திறந்த திரை எங்கே போய் ஒளியும்? பக்கத்தில் இடம் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதுதான் திரையின் வகையைத் தீர்மானிக்கும்.

சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையிலேயே மூன்று எழினி, அதாவது திரை, வருகிறது. ஒருமுக எழினி ஒரு பக்கமாக உருவப்படுவது, பொருமுக எழினி இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது, கரந்துவரல் எழினி மேலே மறைந்திருந்து இறங்குவது என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். அந்த அரங்கின் அகலம் 7 கோல் (கோல் அக்கால நீள அளவு), மேடைப் பலகைக்கும் மேலே குறுக்கே வைக்கும் உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். உத்தரத்துக்கு மேலே திரை போக இடம் இருந்ததாக அங்கே பேச்சில்லை. ஆகவே மூன்றாவது எழினி சுருண்டோ மடிந்தோதான் மேலே இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இன்றைய மண்டப மேடைகளுக்கும் அதே சிக்கல்தான்.

கணக்குக்கு ஒரு மேடை எடுத்துக்கொள்வோம்: வாய் (பார்வையாளர் பக்கம் திறந்திருக்கும் பகுதி) 30 அடி அகலம், 14 அடி உயரம், அதற்கு மேல் கூரை வரை 4 அடி.

நடுவில் பிரியும் திரை இதற்குப் பொருந்தும். ஒவ்வொரு பாதிக்கும் 15 அடி, நடுவைத் தாண்டி 1 அடி, வெளி ஓரத்தில் 1 அடி, ஆக 17. கொசுவம் விழ ஒன்றரை மடங்கு துணி என்றால் ஒரு பாதிக்கு இருபத்தைந்தரை அடி, இரண்டு மடங்கு என்றால் 34. ஒன்றரைக்குக் கீழே போனால் வெல்வெட்டானாலும் ஜன்னல் திரை மாதிரிதான் தொங்கும். சதுர மீட்டருக்கு 500 கிராம் துணி, ஒன்றரை மடங்கு, 15 அடி உயரம் என்று வைத்தால் இரண்டு பாதியும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிலோ. வீட்டு ஜன்னல் கம்பி அதைத் தாங்காது; ரன்னர் (துணியைத் தாங்கி ஓடும் சிறு சக்கரம்) ஓடும் இரும்பு டிராக் வேண்டும். ஒதுங்கிய திரைக்குப் பக்கத்துக்கு 3 அடியாவது விட வேண்டும், இல்லாவிட்டால் அது பக்கத்தட்டியை (நடிகர் வந்துபோகும் பக்க மறைப்பை) மறித்து நிற்கும், நடிகர் துணியை விலக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

இந்த வகையில் அடிக்கடி கெடுவது நடுப்பகுதி. டிராக்கை ஒரே நீளமாகப் போட்டுவிட்டால் இரண்டு ஓரமும் முட்டி நிற்குமே தவிர, ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. மின்விசிறிக் காற்றுக்கு இடுக்கு விரியும், உள்ளே நாற்காலி நகர்த்துபவர் வெளியே தெரிவார். இரண்டு துண்டு டிராக்கை நடுவில் 2 அடி பக்கம்பக்கமாக ஓடவிட்டால் தீரும். கீழ் மடிப்புக்குள் சங்கிலி ஓட்டி, தரைக்கு ஒரு விரல் மேலே துணியை நிறுத்துங்கள். தரையில் புரளும் துணி ஓரத்தில் கிழியும். இழுகயிறு சில மாதத்தில் தளரும். கீழ்க் கப்பியை இறக்கி இறுக்க வழி இல்லாத அமைப்பை வாங்காதீர்கள்.

ஒருமுகத் திரை சிறு மேடைக்கு, அல்லது மேடை நடுவே மறைக்கப் போதும். முழு வாய்க்குப் போட்டால் துணி முழுவதும் ஒரே பக்கம் குவியும், திறக்கும் நேரமும் இரட்டிப்பாகும்.

நேராக மேலே ஏறும் திரைதான் பார்க்க மிக அழகு. ஆனால் 15 அடித் துணி அப்படியே மேலே போய் ஒளிய வேண்டும். வாயின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு, அதாவது நம் மேடைக்கு 35 அடிக் கூரை வேண்டும். நமக்கு இருப்பது 18. எதிரெடை (திரையின் கனத்துக்கு ஈடாகக் கட்டும் எடை) சரியாக இல்லாவிட்டால் திரை தொங்கும் குழாய் கையை மீறி ஓடும், ஆபத்து. இன்னொன்று, இந்தத் திரையில் முதலில் தெரிவது நடிகரின் பாதம், முகம் கடைசியில். நடுவில் பிரிவதில் மேடை நடுவே நிற்பவர் முதலில் தெரிவார். காட்சித் தொடக்கத்தில் யார் எங்கே நிற்பது என்பதையே இது மாற்றிவிடும்.

சுருள் திரைக்கு மேலே ஓர் அடி இருந்தால் போதும். துணியின் கீழ் ஓரத்தில் நீளக் குழாய். திரை இறங்கியிருக்கும்போது அதன் இரு முனையிலும் கயிறு சுற்றியிருக்கும். கயிற்றை இழுத்தால் குழாய் சுழன்று, கயிறு பிரியப் பிரியத் துணி சுருளும். வரைந்த படுதாவுக்கு இதுவே பொருத்தம், மடிப்பு விழாது. கனத்த வெல்வெட்டுக்கு வேண்டாம், சுருள் பருத்துவிடும். ஒரு பக்கக் கயிறு கொஞ்சம் நீண்டாலும் திரை கோணலாக ஏறும். இரண்டையும் ஒரே கட்டிலிருந்து வெட்டி, ஒன்றாக மாற்ற வேண்டும். குழாய் ஒல்லியாக இருந்தால் நடுவில் தொய்ந்து படுதாவில் சுருக்கம் விழும். 30 அடிக்கு 6 அங்குல அலுமினியக் குழாய் நல்லது.

இசையமைப்பாளர் வாக்னர் 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் அரங்கில் பயன்படுத்திய வகை ஒன்று உண்டு: இரு பாதியும் பின்பக்க வளையங்கள் வழியே சரிவாக மேல் மூலைகளுக்கு இழுபடும். தோரணம் போல நிற்கும். ஆனால் மேல் மூலைகளைத் துணி எப்போதும் மறைத்துக்கொண்டே இருக்கும், துணியும் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. விழா மேடைக்குச் சரி, நாடகத்துக்கு அல்ல.

தெருக்கூத்தில் இருவர் பிடிக்கும் திரையை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க முடியாது. அது மேடையை மறைக்க வந்ததல்ல. பின்னால் நின்று திரை விருத்தம் (வருகைப் பாட்டு) பாடும் ஒரு பாத்திரத்துக்காக வந்தது.

எந்த வகை வாங்கினாலும் துணிக்குத் தீத்தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். பருத்தி வெல்வெட்டில் பூசியது தண்ணீரில் துவைத்தால் போய்விடும், மறுபடி பூச வேண்டும். தூசிக்கு வேக்யூம் பிடித்தால் போதும், சலவைக்கு அனுப்ப வேண்டாம்.